திருத்திய நிலம் யாருடையது?

தமிழிலே திருத்தம் என்னும் சொல் இரு தொழிலாளர்க்குப் பொதுவாய் வழங்குகின்றது. கமக்காரன் பற்றை வெட்டிக் கல் பெயர்த்து நிலத்தைத் திருத்துகின்றான். ஆசிரியன் மாணாக்கன் எழுதிய கட்டுரையைத் திருத்துகின்றான். இரண்டிற்கும் முன்னரே உள்ளதொரு பொருள் வேண்டும்; இரண்டிலும் திருத்துவோன் இல்லாததொன்றைப் படைப்பவனல்லன். ஆயினும் இவ்விருவர் மனப்பான்மையும் ஒன்றன்று. எத்துணைச் சிவப்பு மை செலவிட்டிருப்பினும், ஆசிரியன் அக்கட்டுரையைத் தன்னுடையதென்று சொல்லத் துணியான். நிலந் திருத்தியவனோ, 'இஃது என்னால் ஆயது. ஆதலின் என்னுடையது' என்று கூறச் சிறிதுந் தயங்குவதில்லை. அக்கூற்று எவ்வளவிற்கு உண்மை என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. இன்று யாழ்ப்பாணத்திலே முதுசொக் காணி பங்கிடப்படும் வீடுகள் பலவற்றில் இஃது எழுகின்றது. உடன்பிறந்தார் நால்வரென்றால், ஒருவர் ரொறன்ரோவிலும், ஒருவர் இலண்டனிலும், ஒருவர் கொழும்பிலுமாக வாழ, ஒருவரே ஊரிலிருந்து காணியைப் பார்த்து வருகின்றார். பங்கீட்டுக் காலம் வந்தவுடன், 'இருபது முப்பது ஆண்டு உடம்பை உருக்கி இதனை இந்நிலைக்குக் கொண்டுவந்தவன் யான்; எல்லார்க்கும் சமபங்கு என்றால் அது நீதியாமோ?' என்று அவர் கேட்கின்றார். 'முதுசொம் முதுசொமே, தோட்டஞ் செய்தவர் அதன் வரும்படியையும் உண்டாரன்றோ?' என்று மற்றையோர் விடையிறுக்கின்றனர். இருபாலார் சொல்லிலும் உண்மை இருத்தலினாலேயே இவ்வழக்குகள் எளிதில் தீர்வதில்லை.

யாமும் 1996 ஆம் ஆண்டு தொடங்கி இன்றுவரை, பள்ளிக்கூடத் தொழிலோடு கூட, எம் குடும்பத் தோட்டத்தைப் பார்த்து வருகின்றோம். எம் உடன்பிறந்தாருட் சிலர் கடல் கடந்து வாழ்கின்றனர். எம்மிடையே வழக்கொன்றும் இல்லை. வழக்கில்லாத காலத்திலே நீதியை ஆராய்தல் எளிது. வழக்கு வந்தபின் ஆராய்ச்சி என்னும் பெயரால் நடப்பது பெரும்பாலும் வாதமேயாம். ஆதலின் இப்பொழுதே இதனை எண்ணிப் பார்த்தல் நன்றென்று கருதினோம்.

அத்தோட்டம் வலிகாமத்துச் செம்மண் பூமியிலே உள்ளது. அளவு 14 பரப்பு. தோட்டக் கணக்கில் 16 பரப்பு ஓர் ஏக்கராதலின், ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. (நெற்காணியாயின் 24 பரப்பு ஓர் ஏக்கராகும். ஒரே சொல் ஈரளவைக் குறிக்கும் இவ்வழக்கு எம் மாணாக்கரைக் கணக்குப் பாடத்திலே இன்றும் இடர்ப்படுத்துகின்றது.) 1995 ஒக்தோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஏறக்குறைய எல்லாரும் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தனர். மறு ஆண்டு யாம் திரும்பி வந்தபொழுது வேலி இருந்த அடையாளம் இல்லை. கிணற்றினுள்ளே கல்லும் மரக்கொம்பும் கிடந்தன. வாய்க்கால் ஓடிய தடம் தெரியாதபடி பற்றை மூடியிருந்தது. 1990 முதல் இருந்த பொருட்டடையினாலே மண்ணெண்ணெயும் உரமும் அரிதாயிருந்த காலம் அது. ஆகவே தொடக்கத்தில் நடந்தனவெல்லாம் கையாலும் மண்வெட்டியாலும் ஆயினவே.

கிணறு இறைத்துச் சேறள்ளினோம். எல்லையிலே கிளுவையும் பூவரசும் நாட்டி வேலி கட்டினோம். வடமேற்கு மூலையிலே சுண்ணக்கல் நிலத்துக்கு மேலே தலைகாட்டிக்கொண்டிருந்தது. அலவாங்கினாற் பெயர்த்து எடுத்த கல்லை வரம்புக்கு அடுக்கி, அவ்விடத்திலே வேறிடத்துச் செம்மண் இட்டு நிரப்பினோம். வெங்காயம் கிண்டிய பின் நிலத்தை வெறிதே விடாது சணல் விதைத்து, பூப்பதன் முன் மண்ணோடு சேர்த்துக் கொத்திவிடுதலை வழக்கமாக்கினோம். பூவரசங் குழையும் காவிளாயும் தாழ்த்தினோம். வேலியிலிருந்து கழித்த பழைய பனையோலையையும் புதைத்தோம். பயிரில்லாக் காலத்தில் ஆட்டுப்பட்டி அடைப்பித்தோம். ஐப்பசி கார்த்திகை மழைநீர் ஒழுங்கையிற் பாய்ந்து கடலுக்குப் போகாமல் தோட்டத்திலேயே இறங்கும்படி நாற்புறமும் வரம்பை உயர்த்தினோம். பத்தாண்டு கழிந்தபின், முன்னர் மண்வெட்டி பட்டால் ஒலித்த இடத்திலே மண் கையாலே உதிர்ந்தது. பிடி மண்ணை எடுத்தால் அதிலே மண்புழு நெளிந்தது. பெருமை பேசுதற்காக இவற்றை எழுதினோமல்லோம். எது எம்முடையது என்று பிரித்தெடுத்தற்கு, முதலிற் செய்தது இன்னதென்னும் கணக்கு வேண்டும்.

யாம் இளமையிற் பயின்றது மிசன் பாடசாலை. ஆங்கு மேல்வகுப்பிலே ஆங்கில ஞானியாகிய ஜோன் லொக் (1632–1704) என்பாருடைய கொள்கையை எமக்குக் கற்பித்தனர். ஒருவனுடைய உடம்பு அவனுக்கே உரியது. ஆகவே அவ்வுடம்பின் உழைப்பும் அவனுக்கே உரியது. பொதுவாய்க் கிடக்கும் பொருளொன்றோடு தன் உழைப்பைக் கலந்தவன் அப்பொருளைத் தனதாக்கிக்கொள்கின்றான் என்பது அக்கொள்கையின் சாரம். கேட்ட மாத்திரத்தே மனங்கொள்ளும் நியாயம் இது. தோட்டத்திலே வெயிலில் நின்று கொத்தினவன் எவனும் லொக்கின் பெயரைக் கேளாமலே இதனை நம்புவான். ஆனால் அவ்வறிஞர் இதனோடு ஒரு நிபந்தனையையுஞ் சேர்த்தார். பிறர்க்கும் போதிய அளவு, அதே தரமுள்ளதாய், பொதுவில் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதே அது. முன்பாதியைச் சொல்வோர் பலர். பின்பாதியைச் சொல்வோர் சிலர்.

முன்பாதியை மாத்திரம் எடுத்துக்கொண்டால் வருந் தீங்கை எம் நாடு கண்டிருக்கின்றது. உழைப்பே உரிமையைத் தருமென்றால், உழைப்புக் காணாத நிலம் ஒருவர்க்கும் உரியதன்று என்னும் மறுபக்கமும் உடன் வரும். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கையிலே காடாயும் தரிசாயும் பயிரிடப்படாதும் கிடந்த நிலங்களையெல்லாம், மறுதலை நிறுவப்படும் வரையில், முடிக்குரியனவென்று கொண்டது. மலைநாட்டுக் கிராமத்தார் விறகு பொறுக்கியும் மாடு மேய்த்தும் சேனை செய்தும் வந்த நிலங்கள் திருத்தப்படாத நிலமாயின. கோப்பித் தோட்டங்கள் பரந்தன. அவர்கள் அந்நிலத்தைக் காடாகவே வைத்திருந்தமை அதனைக் காத்த ஒரு முறையாகலாம் என்று அக்காலத்து ஆள்வோர் எண்ணினாரல்லர்.

அப்பாடசாலையிலேயே யாம் கேட்ட மற்றொரு கதையும் இங்கே நினைவுக்கு வருகின்றது. எசமான் ஒருவன் பிரயாணம் போம்பொழுது தன் வேலைக்காரரிடம் பணத்தை ஒப்புவித்துச் சென்றான். இருவர் அதனை இரட்டித்தனர். ஒருவன் மண்ணிற் புதைத்து வைத்தான். புதைத்தவனைக் கடிந்தமையையே பாதிரிமார் எடுத்துப் பிரசங்கிப்பர். இரட்டித்தவர்கள் முதலையும் ஊதியத்தையும் எசமான் முன்னே கொண்டுவந்து வைத்தார்கள் என்பதிலே எம் கருத்துச் சென்றது. தாம் பெருக்கியதனாலே முதல் தம்முடையதாயிற்று என்று அவர்கள் வழக்காடவில்லை.

இது நிற்க. எம் நாட்டு வழமை இதுபற்றி யாது கூறுகின்றது? 1707 இல் ஒல்லாந்தர் ஆட்சியிலே, திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவராற் தொகுக்கப்பட்டு, முதலியார் பன்னிருவராற் பார்வையிடப்பெற்ற தேசவழமையிலே, சொத்து முதுசொம், சீதனம், தேடியதேட்டம் என மூவகைப்படும். தாய் தந்தையர் வழி வந்தது முதுசொம். பெண்ணுக்கு மணத்திலே கொடுத்தது சீதனம். கணவனும் மனைவியும் இல்லறத்திலே தேடியது தேடியதேட்டம். இப்பகுப்பிலே ஒரு நுட்பம் உண்டு. முதுசொத்தினின்றும் மணவாழ்க்கைக் காலத்தில் வரும் ஆதாயம் தேடியதேட்டமாக எண்ணப்படும். 1911 ஆம் ஆண்டுச் சட்டமும் அதனை ஏற்றது. காணியோ முதுசொமாகவே நிற்கும். வெங்காயம் விற்ற காசு தேடினவருடையது. வெங்காயம் விளைந்த மண் வழிவழி வந்தது. அத்தொகுப்பிலே, பிறன் நிலத்தில் மரம் நட்டவனுக்கும் நிலக்காரனுக்கும் பலனைப் பகிர்தற்கும் விதி சொல்லப்பட்டிருக்கின்றது. உழைத்தவனை அவ்வழமை வெறுங்கையோடு அனுப்பவில்லை. பலனிலே பங்கு கொடுத்தது.

யாம் இப்பகுப்பை நியாயமென்றே கொள்கின்றோம். அது பழமையானது என்பதனாலன்று. பழமையிலே கொள்ளத்தகாதனவும் உண்டென்பதை மேலே சொல்வோம். நிலத்தின் நன்னிலை என்பது ஒருவருடைய உழைப்பைக் கூறுகூறாகப் பிரித்தெடுக்க முடியாத பொருள் என்பதனாலேயே அவ்வாறு கொள்கின்றோம்.

எம் தோட்டத்துக் கிணற்றையே எடுத்துக்கொள்வோம். யாம் செய்தது சேறள்ளினது. அதனை வெட்டினது எம் பாட்டனார் காலத்தில். வெட்டினவர் பாட்டனாரோ? அல்லர். 'பாட்டனார் வெட்டின கிணறு' என்று எம் வீட்டார் சொல்லுவர். யாழ்ப்பாணத்திலே எல்லா வீட்டாரும் அவ்வாறே சொல்லுவர். செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்லை உளியும் சுத்தியலும் அலவாங்கும் கொண்டு அடியடியாக உடைத்து இறங்கினவர்கள் நிலமற்ற குடிகள். அவர்களுடைய முன்னோரை அடிமைகளென்று தேசவழமைத் தொகுப்பே பெயரிட்டு, அவர்களை ஆளுதற்கும் விற்பதற்கும் விதி எழுதிற்று. 1844 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்தபின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகவும், தாம் உடைத்த கிணற்றிலே தாம் அள்ளக் கூடாதென்று அவர்கள் விலக்கப்பட்டனர். கிணற்றடிக்கு அப்பால் பானையோடு காத்து நின்று, வேறொருவர் அள்ளி வார்த்தால் ஏற்றுக்கொண்டனர். 1957 இல் சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் பிறந்தது. ஆயினும் தனியார் தோட்டத்துக் கிணற்றுக்கட்டினுள்ளே சட்டம் எளிதிற் புகுவதன்று.

உழைப்பைக் கலந்தவனுக்கே பொருள் உரியது என்னும் நியாயத்தை எம்மவர் உடன்பிறந்தாரோடு வாதிடும்பொழுது மிகுந்த ஆர்வத்தோடு எடுத்தாளுகின்றனர். அந்நியாயம் மெய்யாயின், அது முதலிற் செல்லவேண்டிய இடம் கிணறு வெட்டினவர் வீட்டு வாயில். கூலி கொடுத்தாயிற்று என்று விடை சொல்வோர் உளர். கூலி கொடுத்தவிடத்துக் கடன் தீர்ந்ததெனின், தோட்டத்து வரும்படியை உண்ட தமையனுக்கும் கடன் தீர்ந்ததேயாம். ஒரு தராசிலே இரண்டு படிக்கல் வைத்து நிறுத்தலாகாது.

குழையும் எருவும் பற்றியும் ஒரு சொல். எம் தோட்டத்து மண் கொழுத்தது உண்மை. ஆனால் அக்கொழுமை எங்கிருந்து வந்தது? குழை ஒழுங்கை ஓரங்களிலும் பிறர் வளவுகளிலும் வெட்டியது. செம்மண் வேறிடத்தில் அகழ்ந்தது. ஆட்டெரு ஊர்த் தரவையை மேய்ந்த ஆடுகள் கொணர்ந்தது. சணல் காற்றிலிருந்து ஈர்த்த தழைச்சத்து ஒன்றே எவரிடத்தும் எடுக்கப்படாதது. மற்றையதெல்லாம் ஓரிடத்து வளத்தை மற்றோரிடத்துக்கு மாற்றியதாம். மாற்றுதல் தவறென்று யாம் சொல்லவில்லை. படைத்தோம் என்று சொல்லுதலே பொருந்தாது. 2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடுத்து, பயிர்கள் நலிந்தபின் நவம்பரில் அத்தடையை நீக்கிற்று. அந்த ஆறு மாதத்திலே, தம் மண்ணின் வளமென்று எண்ணியிருந்ததில் எவ்வளவு மண்ணினுடையது, எவ்வளவு பையினுடையது என்பதைக் கமக்காரர் பலர் அறிந்தனர்.

நீரைப்பற்றியே யாம் மிகுதியாகச் சொல்லவேண்டியுள்ளது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல், பாரங் குறைந்ததாதலின், மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை நன்னீர் இருக்கும் என்பது ஒல்லாந்தர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்ட விதி. இதனை மறுதலையாகப் படித்தல் வேண்டும்: மேலே ஓரடியைக் குறைத்தோமாயின், நாளடைவிலே கீழிருந்து நாற்பதடி உவர் ஏறக்கூடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர்.

எம் முன்னோர் இவ்விதியை அறிந்திலர்; ஆயினும் அதனோடு பொருந்தவே வாழ்ந்தனர். அறவுணர்ச்சியினால் என்பது மிகை. உடம்பின் வரம்பினால் என்பதே உண்மை. துலாவிலே ஒருவரோ இருவரோ ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்கு நீர் மாற, விடியற்காலம் தொடங்கி வெயில் ஏறும் வரையில் இறைப்பர். கால் ஓய்ந்தால் இறைப்பும் ஓயும். ஒரு கிணற்றிலே பலர்க்குப் பங்கிருந்தால், நான்கிலொரு பங்குடையானுக்கு நான்கு நாளைக்கொருமுறை இறைப்பு. நீரைப் பங்கிட்டாரல்லர், முறையையே பங்கிட்டனர். நீர் கைக்கு அடங்காத பொருளாதலின் அதன்மேல் அவர்கள் கொண்ட உரிமை ஒரு நாளின்மேற் கொண்ட உரிமையாய் இருந்தது. உறுதிகளிலே 'கிணற்றிற் பங்கும் வழி வாய்க்காலும்' என்று எழுதப்படுவது இதுவே.

1950களுக்குப் பின் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரம் பரவிற்று. துலா மிதித்துத் தேய்ந்த முழங்கால்களை நினைப்பவர் எவரும் அதனை வைய மாட்டார், யாமும் வையவில்லை. 1970 முதல் 1977 வரை மிளகாய், வெங்காய இறக்குமதி தடுக்கப்பட்டு விலை உயர்ந்தபொழுது, அவ்வியந்திரமே யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குக் கல்வீடு கட்டிக் கொடுத்தது, பிள்ளைகளைப் படிப்பித்தது. ஆயின் உடம்பு இட்டிருந்த வரம்பு அன்றே நீங்கிற்று. முறை நான்கு நாளைக்கொன்றாகவே நின்றது. ஒரு முறையிலே எடுக்கும் நீருக்கு மாத்திரம் அளவு இல்லாமற் போயிற்று. முன்னே களைப்பு செய்த வேலையை இனி அறிவு செய்தல் வேண்டும். களைப்புத் தானே வரும். அறிவை அழைத்து வரவேண்டும்.

உரத்தின் கதையும் இவ்வாறே. யூரியாவிலே நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். பயிர் கொள்ளாத பகுதி நைத்திரேற்றாகி, இறைத்த நீரோடு செம்மண்ணைக் கடந்து சுண்ணக்கல் வெடிப்பினுள் இறங்குகின்றது. அங்கே வேலி இல்லை. என் தோட்டத்தில் இட்டது அடுத்தவர் கிணற்றிலே தோன்றும். அவர் இட்டது என் கிணற்றிலே தோன்றும். குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது மேற்பட்டிருத்தலை ஆய்வாளர் பலமுறை காட்டியிருக்கின்றனர். காய்ச்சிக் குடித்தாற் போமென்பாருமுளர்; காய்ச்சினால் நீர் குறையும், நைத்திரேற்றுக் குறையாது. இதனால் முதலில் இடர்ப்படுவது புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தை. அக்குழந்தைக்குக் காணியிலே பங்கு உண்டோ இல்லையோ என்று உறுதியைப் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டுமோ?

ஆதலின், வேலிக்குள்ளே விளைவு கூடியது ஒன்றையே கொண்டு நிலம் திருந்திற்று என்று சொல்லுதல் அரைக்கணக்காகும். லொக் இட்ட நிபந்தனை, அவர் காணாத சுண்ணக்கல் நாட்டிலே, பூமிக்கு அடியிலே தன் வலியைக் காட்டுகின்றது. மேலே எவ்வளவு நன்றாக உழைப்பைக் கலந்தாலும், கீழே பிறர்க்குப் போதிய அளவும் அதே தரமும் எஞ்சாதாயின், உழைப்பினால் வரும் உரிமை அவ்விடத்திலே முறிந்துபோகின்றது.

இனி ஓர் ஆசங்கை. 'திருத்தியவனுக்கு நிலத்திலே சிறப்புரிமை இல்லையாயின், எவன் திருத்துவான்? ரொறன்ரோவிலிருப்பவருக்காக இவன் ஏன் கல் பெயர்க்கவேண்டும்? அன்றியும், மாணாக்கன் கட்டுரைக்கு மாணாக்கன் உடையவன் உளன். நிலம் யார் எழுதிய கட்டுரை?' இது வலியுள்ள ஆசங்கையே. ஊரிலிருந்து காணியைக் காத்தவர்க்கு ஒன்றும் இல்லையென்பது எம் கொள்கையன்று. அவர் இட்ட முதலும், அயலாருக்குக் கொடுத்திருக்கக்கூடிய கூலிக்கு ஈடான உழைப்பும் கணக்கிடப்பட்டு அவருக்குக் கழித்துக் கொடுக்கப்படுதல் நீதி. உண்ட வரும்படியையும் அக்கணக்கிலே வைத்தல் வேண்டும். மற்றையோர் தம் பங்கை விற்க விரும்பின், தோட்டஞ் செய்பவரையே முதலிற் கேட்டல் வேண்டும். பங்காளிக்கும் உரிமைக்காரருக்கும் முன்வாங்கும் உரிமை தந்த தேசவழமையும், அதனை ஒழுங்குபடுத்திய 1947 ஆம் ஆண்டுச் சட்டமும் இக்கருத்துக்குத் துணையாகும். இக்காலத்திலே அயல்நாட்டுப் பணம் கொண்டு செம்மண் தோட்டங்களை வாங்கி, மண்ணின்மேற் சீமெந்து பூசி வீடெழுப்புவார் மிகுந்தனர். ஓரங்குலம் நல்ல செம்மண் ஆகுதற்கு எத்தனை தலைமுறை சென்றது என்பதை வீட்டுத் திட்டம் வரைபவர் கேட்பதில்லை. அவ்வகை விற்பனையை மறுக்கும் குரல் திருத்தியவருக்கு மற்றையோரினும் மிகுதியாக உண்டென்றே யாம் கொள்கின்றோம். அஃது உடைமையினால் வரும் உரிமையன்று. அறிந்தவன் என்பதனால் வருவது.

நிலம் யார் எழுதிய கட்டுரை என்றதற்கு விடை: அது பலர் கைபட்ட பயிற்சிக் கொப்பி. முதற்பக்கத்தை எழுதினவர் பெயர் தெரியாது. நடுவிலே சில பக்கம் எம் கையெழுத்து. கடைசிப் பக்கம் எழுதப்போகின்றவர் இன்னும் வகுப்பிற் சேரவில்லை. எவன் திருத்துவான் என்பதற்கோ, யாம் முப்பது ஆண்டு பள்ளிக்கூடத்திலே கண்டதையே சொல்லலாம். கட்டுரை தமதன்றென்று தெரிந்தும் இரவு பத்துமணி வரை விளக்கை வைத்துக்கொண்டு திருத்துகின்ற ஆசிரியர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஓரிருவராவது இருக்கின்றனர். எல்லாரும் அவ்வாறு இருப்பதில்லை என்பதும் உண்மை. அதனால் அன்றோ சம்பளம் என்று ஒன்று வைத்திருக்கின்றனர். தோட்டத்திலே அச்சம்பளத்தின் பெயர் வரும்படி.

எம் தோட்டத்துப் பின்புறத்து ஒழுங்கையிலே இரண்டு குடும்பத்தார் இருக்கின்றனர். அக்கிணற்றை உடைத்தவர்களுடைய வழியினர் அவர்கள். 1996 முதல் எம் கிணற்றிலே தாமே அள்ளிக் குடித்து வருகின்றனர். காணி பங்கிடப்பட்டு, கிணறிருக்கும் துண்டு யாரேனும் ஒருவர் கைக்குப் போனபின் அவர்கள் நிலை என்னவாகும் என்று பிரசித்த நொத்தாரிசு ஒருவரைக் கேட்டோம். நீரள்ளும் உரிமையை உறுதியிலே எழுதலாம். ஆனால் நிலத்தோடு ஒட்டிய உரிமையாய் அது தலைமுறை கடந்து நிற்கவேண்டுமாயின், அள்ளுவோருக்கும் சொந்தமாக நிலம் இருத்தல் வேண்டும். ஆள்மேல் எழுதினால் அவ்வாளின் ஆயுளோடு முடிந்துபோம் என்றார். அவர்கள் குடியிருக்கும் வளவோ வேறொருவருடையது.

ஆகவே பங்கீட்டுக்கு முன்னரே ஒழுங்கை ஓரமாக ஒரு பரப்பைப் பிரித்து, கிணற்றிற் பங்கும் வழியும் சேர்த்து, அவ்விரு குடும்பத்தார்க்கும் எழுதிவிடலாம் என்று உடன்பிறந்தார் எல்லார்க்கும் கடிதம் எழுதினோம். இருவர் உடனே இசைந்து விடையெழுதினர். ஒருவர், அப்பரப்பு எல்லார் பங்கிலிருந்தும் கழிவதோ, தோட்டத்தை ஆண்டு அனுபவித்தவர் பங்கிலிருந்து கழிவதோ என்று கேட்டிருக்கின்றார். கேட்கத் தகுந்த கேள்வியே. 1970களில் இக்கிணற்று நீரால் விளைந்த வெங்காயமும் மிளகாயும் விற்ற காசிலேதான் எம் தந்தையார் பிள்ளைகள் அனைவரையும் படிப்பித்தார். பின்னர் கப்பலும் விமானமும் ஏறினவர்களுடைய பயணச் செலவும் அதன் மிச்சமே. ஆதலின் எல்லார் பங்கிலிருந்தும் சமமாகக் கழிதலே முறையென்று விடையெழுதியிருக்கின்றோம். நில அளவையாளர் தைப்பூசத்துக்குப் பின் வருவதாகச் சொல்லியிருக்கின்றார்.